மொட்டை மாடியில் மின்சாரம் உருவாவது எப்படி? வீட்டுச் சூரிய மின் அமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 540 வாட் தகடுகள் ஆறு பொருத்தி, ஏறத்தாழ மூன்று கிலோவாட் அளவில் மின்சாரம் எடுத்து வருகிறோம். அதைப் பார்க்க மாடியேறி வருகிற உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் முதலில் விலையைக் கேட்பார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒளி எப்படி மின்சாரமாகிறது என்பது ஓரளவு புரிந்துவிட்டால், எந்த இடத்தில் பொருத்துவது, எவ்வளவு பொருத்துவது, விற்பவர் சொல்வதில் எதை நம்புவது என்பனவற்றை நாமே முடிவு செய்துகொள்ள முடியும்.

வெயிலின் சூட்டிலிருந்துதானே மின்சாரம் வருகிறது?

இல்லை. மாடியில் குளியலுக்கு வெந்நீர் தரும் சோலார் ஹீட்டர் வெப்பத்தைப் பிடித்து வேலை செய்வது. மின்சாரம் தரும் தகடு ஒளியைப் பிடித்து வேலை செய்வது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலும், இரண்டையும் ‘சோலார்’ என்றே அழைப்பதாலும் இந்தக் குழப்பம் பரவலாக இருக்கிறது. ஒளி மின்சாரத் தகட்டுக்குச் சூடு உதவுவதில்லை என்பதோடு, அது இடையூறும்கூட. இதற்குக் கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பவை.

அப்படியானால், ஒளி பட்டதும் தகட்டுக்குள் என்ன நடக்கிறது?

தகட்டில் கண்ணாடிக்கு அடியில் தெரியும் கருநீலச் சதுரங்கள்தான் செல்கள். அவை சிலிக்கன் என்னும் குறைக்கடத்தியால், அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருளால், ஆனவை. சிலிக்கன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. அவை நான்கும் அண்டை அணுக்களோடு பிணைந்துகிடப்பதால், தூய சிலிக்கனில் மின்சாரம் எளிதில் ஓடாது. செல் செய்யும்போது அதன் ஒரு பக்கத்தில் ஐந்து வெளி எலக்ட்ரான்கள் கொண்ட பாஸ்பரஸையும், மறுபக்கத்தில் மூன்று மட்டுமே கொண்ட போரானையும் மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். பாஸ்பரஸ் பக்கத்தில் எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. போரான் பக்கத்தில் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றைத் துளைகள் என்கிறோம்.

இரு பக்கங்களும் சந்திக்கும் இடத்தில் மிஞ்சிய எலக்ட்ரான்கள் சில எல்லை தாண்டிப் போய்த் துளைகளை நிரப்புகின்றன. அதனால் எல்லையின் பாஸ்பரஸ் பக்கம் நேர்மின்னேற்றமும், போரான் பக்கம் எதிர்மின்னேற்றமும் பெற்று, நடுவே நிரந்தரமான ஒரு மின்புலம் அமைந்துவிடுகிறது. வெயில் இல்லாத இரவிலும் அந்தப் புலம் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க ஒளி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒளி என்பது ஃபோட்டான் என்னும் சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வந்து சேர்கிறது. போதிய ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் சிலிக்கனுக்குள் நுழையும்போது, பிணைந்துகிடக்கும் எலக்ட்ரான் ஒன்றை விடுவித்து, அது இருந்த இடத்தில் ஒரு துளையை விட்டுச் செல்கிறது. விடுபட்ட எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்துவிடுவதற்குள், எல்லையில் இருக்கும் மின்புலம் எலக்ட்ரானைப் பாஸ்பரஸ் பக்கத்துக்கும் துளையைப் போரான் பக்கத்துக்கும் பிரித்துத் தள்ளிவிடுகிறது. செல்லின் மேல் கோடுகளாகத் தெரியும் மெல்லிய வெள்ளிக் கம்பிகள் அந்த எலக்ட்ரான்களைச் சேகரித்து வெளியே அனுப்ப, அவை ஒயர் வழியாகப் போய் நம் வீட்டில் வேலை செய்துவிட்டு, செல்லின் மறுபக்கத்துக்குத் திரும்பித் துளைகளோடு சேர்கின்றன. எதுவும் எரிவதில்லை, எதுவும் செலவாகித் தீர்வதில்லை. சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாத மின் நிலையம் இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஒளியால் மின்சாரம் பிறப்பதை 1839-இல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் கண்டபோது அவருக்கு வயது 19. ஒளி பொட்டலங்களாக வருகிறது என்னும் விளக்கத்தை ஐன்ஸ்டைன் 1905-இல் தந்தார். சிலிக்கனால் ஆன, நடைமுறைக்கு உதவும் முதல் செல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-இல் காட்டியது. விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மட்டுமே அது மின்சாரமாக்கியது.

இன்றைக்கும் 20, 22 விழுக்காடுதான் என்கிறார்களே, மீதி எங்கே போகிறது?

சூரிய ஒளியில் எல்லா ஃபோட்டான்களும் ஒரே ஆற்றல் கொண்டவை அல்ல. சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைவான ஆற்றலோடு வரும் அகச்சிவப்பு ஒளியால் பயனில்லை. நீலம், ஊதா போன்ற மிகுந்த ஆற்றலுள்ள ஒளியும் ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரானைத்தான் விடுவிக்கும். கூடுதல் ஆற்றல் வெப்பமாகித் தகட்டைச் சூடாக்குகிறது. இவ்வாறான இழப்புகளைக் கணக்கிட்ட ஷாக்லி, குவெய்சர் என்னும் இருவர், இத்தகைய ஒற்றை எல்லை கொண்ட செல் எதுவும் தாண்ட முடியாத ஓர் உச்ச வரம்பு உண்டு என்று 1961-இல் காட்டினார்கள். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 33 விழுக்காடு. ஆகவே, சிலிக்கன் தகடு 40 விழுக்காடு தரும் என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்க வேண்டாம்.

தகட்டில் ஏன் இத்தனை சிறு சிறு கட்டங்கள்?

ஒரு செல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தரும் மின்னழுத்தம் 0.6 அல்லது 0.7 வோல்ட் அளவில்தான் இருக்கும். பரப்பைக் கூட்டினால் மின்னோட்டம் கூடுமே தவிர, வோல்ட் கூடாது. அதனால் செல்களைப் பூத் தொடுப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இணைக்கிறார்கள். 540 வாட் தகடு ஒன்று நல்ல ஒளியில் 41 வோல்ட் அளவில் 13 ஆம்பியர் தரும். இப்படி ஆறு தகடுகளையும் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 250 வோல்ட் கிடைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பகல் நேரத்தில் தகட்டை யாராலும் ‘ஆஃப்’ செய்ய முடியாது. ஒளி படுகிற வரையில் அந்த 250 வோல்ட் ஒயரில் இருந்துகொண்டேதான் இருக்கும். மேலும், இது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம் (டி.சி.). வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுப் போவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு; நேர்மின்னோட்டத்தில் எழும் பொறி அப்படி அணையாது. தளர்ந்த இணைப்பு ஒன்றே தீ விபத்துக்குப் போதுமானது. மாடியில் துணி காயப்போடும் கொடியை அந்த ஒயர்க் குழாயில் கட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அக்னி நட்சத்திரத்தில்தான் மிக அதிகமாக மின்சாரம் கிடைக்குமா?

பலரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். தகட்டின் பின்புறம் எழுதியிருக்கும் 540 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும், செல்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸும் இருக்கும்போது சோதனைக் கூடத்தில் அளந்தது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைகிறது. சித்திரை, வைகாசியில் காற்றே 40 பாகையில் இருக்கும்போது செல் 65 பாகையைத் தொட்டுவிடும். 40 பாகை கூடுதல் என்றால் 14 விழுக்காடு இழப்பு. 540 வாட் தகடு அப்போது 465 வாட் அளவில்தான் தரும். எங்கள் வீட்டில் மிகச் சிறந்த நாள்கள் மாசி, பங்குனியில் வருகின்றன. வானம் தெளிந்து, காற்றும் வீசி, சூடு இன்னும் முற்றாத அந்த நாள்களில் 14, 15 யூனிட் வரை கிடைக்கிறது. தகட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று புகுந்து போக இடம் விட வேண்டும் என்பதும் இதனால்தான்.

இன்வெர்ட்டர் என்பது நம் வீட்டில் ஏற்கெனவே பேட்டரியோடு இருக்கிற அதே பெட்டிதானா?

பெயர் ஒன்று, வேலை வேறு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது. மாடியில் பொருத்தும் இன்வெர்ட்டர், தகடுகளிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை, உள்ளிருக்கும் மின்னணு சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைத்து, வீட்டில் பயன்படும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமாக (ஏ.சி.) வடிக்கிறது. மின்வாரியத்தின் அலை ஏறும் நொடியில் ஏறி, இறங்கும் நொடியில் இறங்கி, அதோடு இசைந்து செல்வது அதன் முதல் கடமை. இரண்டாவது கடமை, ஒளி கூடவும் குறையவும் மாறிக்கொண்டே இருக்கிற சூழலில், தகடுகள் எந்த வோல்ட்டில் இயங்கினால் அதிகத் திறன் கிடைக்குமோ அந்தப் புள்ளியை ஓயாமல் தேடிப் பிடிப்பது. நல்ல இன்வெர்ட்டர் வாங்கிய ஆற்றலில் 97 விழுக்காடு அளவுக்குத் திருப்பித் தருகிறது.

நல்ல வெயில் அடிக்கிறது, கரண்ட் போய்விட்டது. மாடியில் மின்சாரம் இருந்தும் ஏன் விசிறி ஓடவில்லை?

என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். பேட்டரி இல்லாத அமைப்பில், மின்வாரிய இணைப்பு அறுந்ததும் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தானே நின்றுவிட வேண்டும். அது குறையன்று, பாதுகாப்பு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பி வேலை செய்யும்போது, நம் மாடியிலிருந்து மின்சாரம் வெளியே போனால் அது அவர் உயிரைப் பறிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் இசைந்து செல்வதற்கு வெளியே ஓர் அலை வேண்டும். அது இல்லையென்றால் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை.

மின்தடையின்போதும் விளக்கு எரிய வேண்டுமானால், மின்வாரிய இணைப்போடும் பேட்டரியோடும் இயங்கும் ‘ஹைபிரிட்’ இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி ஒன்றில் பெயரளவுக்கு 1.8 யூனிட் இருக்கிறது. அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். விசிறிக்கும் விளக்குக்கும் அது தாராளம். ஒன்றரை டன் ஏசி அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். எப்போதாவது மின்தடை வரும் ஊரில் இருப்பவர்களுக்கு, பழைய இன்வெர்ட்டரையே வைத்துக்கொண்டு, பேட்டரி இல்லாத சூரிய அமைப்பைத் தனியே பொருத்துமாறுதான் சொல்வேன்.

பகலில் யாரும் வீட்டில் இல்லையென்றால் மின்சாரம் வீணாகிவிடாதா?

வீணாகாது. வீட்டில் ஓடும் சாதனங்கள் எடுத்தது போக மீதி தெருவிலுள்ள மின்கம்பிக்குப் போகிறது. பெரும்பாலும் பக்கத்து வீட்டு விசிறியே அதில் ஓடும். இதற்காகப் பழைய மீட்டரை எடுத்துவிட்டு, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் தனித்தனியாகக் கணக்கிடும் இருவழி மீட்டரை மின்வாரியம் பொருத்துகிறது. இரவில் நாம் வாங்கிய யூனிட்டுகளிலிருந்து, பகலில் கொடுத்த யூனிட்டுகளைக் கழித்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் அமைப்பு, ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், நாளுக்கு நான்கு யூனிட் தரும். அதற்கு நூறு சதுர அடி அளவில் நிழலற்ற இடம் வேண்டும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 720 யூனிட். உங்கள் மின்கட்டண அட்டையில் கடந்த ஆறு கணக்கெடுப்புகளைக் கூட்டி ஆறால் வகுத்துப் பாருங்கள். விடை அங்கேயே இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2025-ஆம் ஆண்டுக் கட்டண விதிப்படி, நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் கட்டணம் விழும். சூரிய மின்சாரம் முதலில் கழிப்பது நம் கணக்கின் உச்சியிலுள்ள விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான். எனவே 800 யூனிட் செலவழிப்பவர் 400 ஆகக் குறைத்தால் பெறும் பயன் மிகப் பெரிது. 200 யூனிட்டுக்குள் வாழ்கிற வீட்டுக்கோ இந்த முதலீடு திரும்பி வரவே நெடுங்காலம் ஆகும். அவர்களிடம் இதை விற்க முயல்வது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் எத்தனை இருந்தாலும் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே செய்த தகடுகளுக்குத்தான் அது பொருந்தும் என்பதால், வாங்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு மூலையில் கொஞ்சம் நிழல் விழுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. செல்கள் தொடராக இணைந்திருப்பதால், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்து அது தரும் மின்னோட்டம் குறைந்தால், மற்ற செல்களின் மின்னோட்டமும் அங்கே வந்து முட்டுகிறது. அந்த ஒரு செல் மின்சாரத்தை உண்டாக்குவதை விட்டுவிட்டு, மற்றவை தருவதை விழுங்கிச் சூடாகத் தொடங்கும். நாளடைவில் அது கருகிப்போகவும் கூடும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு தகட்டிலும் பொதுவாக மூன்று ‘பைபாஸ் டையோடு’கள் இருக்கின்றன, அவை நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டத்தைக் கடத்திவிடும். அதனால் செல் தப்பிக்கும். ஆனால் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். உள்ளங்கை அகலத்தில் ஒரு காய்ந்த இலை விழுந்து கிடந்தாலே போதும், இவ்வளவும் நடக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தகடுகளைப் பொருத்தியது வைகாசி மாதம். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே இரண்டு தகடுகளை வைத்தார்கள். நான் காலையிலும் நண்பகலிலும் மாடியில் நின்று பார்த்தேன். தொட்டியின் நிழல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் வைகாசியில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. நண்பகல் நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து, மதுரையில் நண்பகலில்கூட 57 பாகை உயரம்தான் ஏறுகிறது. ஆறடி உயரத் தொட்டியின் நிழல் வடக்கே நான்கடி நீண்டு, சரியாக அந்தத் தகடுகளின் மேல் படுத்தது. காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். பொருத்திய நிறுவனத்தாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையா, சொல்லவில்லையா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. கம்பிகளைக் கழற்றி அந்த இரண்டையும் இடம் மாற்ற நாங்கள் தனியே செலவு செய்தோம். நீங்கள் எந்த மாதத்தில் பொருத்தினாலும், மார்கழி நிழல் எங்கே விழும் என்று முதலில் கேளுங்கள். தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகிய எதுவாக இருந்தாலும் தகடுகளுக்கு வடக்கே இருப்பது நல்லது.

எந்தத் திசையில், எவ்வளவு சாய்வாக வைக்க வேண்டும்?

தெற்கு நோக்கி, ஏறத்தாழ 10 முதல் 13 பாகை சாய்வில். நம் மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தாலும் இழப்பு பெரிதாக இராது. அதற்காக முற்றிலும் படுக்கையாக வைக்காதீர்கள். மழை நீர் வழிந்தோடித் தூசியைக் கழுவிச் செல்லக் கொஞ்சமாவது சாய்வு வேண்டும்.

மேகமூட்டத்திலும் மழையிலும் மின்சாரம் வருமா?

வரும், மிகக் குறைவாக. மேகத்தை ஊடுருவிச் சிதறி வரும் ஒளியும் ஒளிதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் எங்களுக்கு மூன்று, நான்கு யூனிட் கிடைத்தது உண்டு. இரவில் எதுவும் வராது. நிலவொளி அதற்குப் போதாது.

இடி, மின்னல், புயலுக்கு என்ன பாதுகாப்பு?

பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இதுவே. தகடுகளுக்கும் அவற்றைத் தாங்கும் சட்டத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டருக்கும் மாறுமின்னோட்டப் பக்கத்துக்கும் ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனி எர்த் குழிகள் வேண்டும். இடிதாங்கியின் எர்த்தை மற்றவற்றோடு ஒரே குழியில் இறக்கி வேலையை முடித்துக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்னலால் ஒயரில் திடீரென எழும் அதிக வோல்ட்டைத் தரைக்குத் திருப்பிவிடும் சர்ஜ் தடுப்பான், இன்வெர்ட்டரின் இரு பக்கமும் இருக்க வேண்டும். சட்டம் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பாக இருப்பது நல்லது. வண்ணம் மட்டும் பூசிய இரும்பு கடலோர ஊர்களில் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்துவிடும். இரண்டரைச் சதுர மீட்டர் பரப்புள்ள தகடு காற்றில் பாய்மரம் போன்றது; அதைப் பிடித்து நிற்பது சட்டத்தின் கால்களும் போல்ட்டுகளும்தான்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில் திறன் தேய்ந்து, முடிவிலும் 80 விழுக்காட்டுக்குமேல் இருக்கும். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது. பத்து ஆண்டு அளவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணியோ நீளமான மென்மையான துடைப்பானோ கொண்டு. நண்பகலில் 60 பாகைக்குமேல் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைப் பயன்படுத்தினால், அது காய்ந்ததும் வெண்படலமாகப் படிந்து, தூசியைவிடப் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறோம். இரண்டு வாளி போதும். காக்கை எச்சத்தை மட்டும் வாரக் கணக்கில் விட்டுவைக்காமல் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். தூசி எல்லாச் செல்களின் மேலும் ஒன்றுபோல் படிவது. எச்சம் ஒரே செல்லை மூடுவது; அது நிழல் செய்கிற அதே வேலையைச் செய்யும்.

மாதம் ஒருமுறை இன்வெர்ட்டரில் காட்டும் யூனிட் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்து வாருங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், வானம் தெளிந்திருந்தும் கணக்கு பத்து விழுக்காட்டுக்குமேல் குறைந்திருந்தால், தூசியா, புதிதாக வளர்ந்த மரக்கிளையா, தளர்ந்த இணைப்பா என்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். இணைப்பாக இருந்தால் நீங்கள் கை வைக்காமல் பணியாளரை அழையுங்கள்.